உப்பு கசியும் காலம்

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பெய்துவிட்டால் கடலோர மாவட்டங்களின் சமையலறைகளில் கல்லுப்பு ஜாடி கசியத் தொடங்கிவிடும். யாரோ ஈரக்கையை விட்டுவிட்டார்கள் என்று வீட்டில் ஒருவர் மீது பழி விழும். கைக்கு இதில் பங்கில்லை. சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு படிகம் காற்றிலிருந்தே நீரை இழுத்து, அந்த நீரில் தானே கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுப்பதால் ஜாடி இன்னும் சற்று முந்திக்கொள்ளும். ஆக, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் செலவில்லாத ஈரமானி ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அது காட்டும் எல்லை இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானது. சுவரிலும் பீரோவிலும் தோல் செருப்பிலும் பூசணம் பூக்கும் எல்லையும் அதை ஒட்டித்தான் இருக்கிறது.

பூசணம் வளர நான்கு பொருத்தங்கள் கூடிவர வேண்டும்: வித்து, உணவு, வெப்பம், நீர். வித்துக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் அளவுள்ளவை. தலைமுடியின் குறுக்களவில் சிறு பங்கே வரும் இந்தத் துகள்கள் வெளிக்காற்றில் எப்போதும் மிதக்கின்றன. ஜன்னலை அடைத்தாலும் துணியோடும் செருப்போடும் உள்ளே வந்துவிடும். உணவுக்கும் குறைவில்லை. பிளைவுட், அட்டைப்பெட்டி, புத்தகம், பட்டுச்சேலை, சுவர்ப்பூச்சின் பசை எல்லாமே அவற்றுக்குச் சாப்பாடு. வெறும் சிமென்ட் சுவரில்கூட மேலே படிந்த தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் போதும். வெப்பமோ, 20 முதல் 30 டிகிரி வரை, நமக்கு இதமானதே அவற்றுக்கும் இதம். மிச்சமிருப்பது நீர் ஒன்றுதான். வித்தை ஒழிக்க முடியாது, வீட்டைப் பட்டினி போட முடியாது, கடற்கரை ஊரைக் குளிரூரில் கொண்டுபோய் வைக்கவும் முடியாது. நம் கைக்கு எட்டும் ஒரே பிடி நீர் என்பதால், பூசணத்தைப் பற்றிய எந்த ஆலோசனையையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: இது சுவரில் இருக்கும் நீரைக் குறைக்கிறதா?

சுவரில் இருக்கும் நீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறையின் நடுவே தொங்கும் ஈரமானி 70 சதவீதம் காட்டலாம். அதே நேரத்தில் அந்த அறையின் ஒரு மூலையில் பூசணம் செழிக்கலாம். பூஞ்சை வாழ்வது அறைக்காற்றில் இல்லை. அது சுவர்மேல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய காற்றடுக்கில் வாழ்கிறது. பெரும்பாலான வீட்டுப் பூசணங்களுக்கு அந்த அடுக்கில் 80 சதவீத ஈரப்பதம் நாள்கணக்கில் நீடித்தால் போதும். வறட்சி தாங்கும் சில ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களுக்கு 75-ம் அதற்குக் கீழும் போதும். சுவர் அறையைவிடக் குளிர்ந்திருந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்றால் குறைந்த நீராவியைத்தான் தாங்க முடியும் என்பதால், இருக்கும் நீராவி அதே அளவானாலும் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறிவிடும். கணக்கு இது: 29 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 29 கிராம் நீராவியைத் தாங்கும். 75 சதவீத ஈரமென்றால் அதில் 21.6 கிராம் இருக்கிறது. அந்தக் காற்று 25 டிகிரிச் சுவரைத் தொடுகிறது. அங்கே தாங்கும் திறன் 23 கிராம். 75 சதவீதக் காற்று சுவரோரத்தில் 94 சதவீதமாகிவிட்டது. ஒரு சொட்டு நீரும் கசியவில்லை, குழாய் எதுவும் உடையவில்லை. நாலே டிகிரி வித்தியாசம்தான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பூசணம் என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் ஆலோசனை எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும். 'ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் வந்தால் ஈரம் போய்விடும்' என்பது குளிர்நாடுகளில் பிறந்த அறிவுரை. அங்கே அது முற்றிலும் சரி. லண்டனில் பனிக்காலத்து 5 டிகிரிக் காற்று ஈரத்தால் நிரம்பித் ததும்பினாலும் கன மீட்டருக்கு ஏழு கிராமுக்கும் குறைவான நீராவிதான் அதில் இருக்கும். அது வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே வெளிக்காற்று ஈரத்தைத் துடைத்தெடுக்கும் துணி. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கார்த்திகை மாதத்து மழைமாலையை எடுத்துக்கொள்வோம். வெளியே 26 டிகிரி, 90 சதவீதம். கன மீட்டருக்கு 22 கிராம். உள்ளே 27 டிகிரி என்றால் அந்தக் காற்று 85 சதவீதமாக வந்து உட்காரும். துணி ஏற்கெனவே நனைந்திருக்கிறது. அதைக்கொண்டு எதைத் துடைப்பது?

அதற்காக ஜன்னலை மூடிவிட வேண்டுமா என்றால், அதுவும் தப்பு. மூடிய வீட்டுக்குள்ளேயே ஈரம் பிறந்துகொண்டிருக்கிறது. ஒரு மனிதர் மூச்சாலும் வியர்வையாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறார். மழைக்காலத்தில் மொட்டை மாடிக் கொடி பயன்படாமல் போய், ஹாலில் கயிறு கட்டிக் காயப்போடும் துணிகளிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் ஆவியாகிறது. நாம் கவனிக்காத இன்னொரு ஊற்று சமையல் எரிவாயு. புரொப்பேனும் பியூட்டேனும் எரியும்போது அவற்றிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலாக நீராவி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சமையலறைக் காற்றில் சுமார் 22 லிட்டர் நீரைச் சேர்த்துவிட்டுப் போகிறது. பெரிய தண்ணீர்க் கேன் ஒன்றைவிட அதிகம். இட்லிப் பானையும் ரசமும் விடும் ஆவி இந்தக் கணக்கில் சேரவில்லை. இப்படி உள்ளே சேரும் உபரி ஈரத்தை ஜன்னல் வெளியேற்றும். ஆனால் வெளியே இருக்கும் அளவு வரைதான் இறக்கும். அதற்குக் கீழே ஒரு கிராம்கூட இறக்காது. எல்லா ஜன்னலையும் எந்நேரமும் திறந்துவைப்பதைவிட, ஈரம் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்து வெளியே தள்ளுவது பலமடங்கு பலன் தரும். அடுப்பு எரியும் நேரமெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். குளித்து முடித்த பிறகும் அரைமணி நேரம் குளியலறை ஃபேன் ஓட வேண்டும். கதவின் அடியில் ஓர் இடைவெளி வேண்டும். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த ஃபேனாலும் வெளியே தள்ள முடியாது. துணி காயப்போட ஒரே அறையை ஒதுக்கி, அதன் உள்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, சீலிங் ஃபேனைச் சுழலவிட்டால் அந்த ஈரம் மற்ற அறைகளுக்குப் போகாது.

குளிர்சாதனம் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. ஏ.சி. ஓடும் அறைக்குள் காற்று உலர்வது உண்மை. குளிர்ந்த சுருளில் நீராவி நீராகிக் குழாய் வழியே வெளியே சொட்டுவதைப் பார்க்கிறோம். ஆனால் அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. படுக்கையறையை 20 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது, ஹாலை நோக்கிய அதன் சுவர் ஹாலின் பக்கத்திலும் குளிர்கிறது. ஹாலின் புழுக்கமான காற்று அந்தச் சுவரைத் தொடும்போது நாம் மேலே போட்ட 94 சதவீதக் கணக்கு நடக்கிறது. அங்கே சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி நின்றால், காற்று அசையாத அந்த இடுக்குதான் பூசணத்துக்குப் பிடித்த இடம். வீட்டுக்காரர் ஹாலின் சுவரைச் சுரண்டிச் சுரண்டி வண்ணம் பூசுவார். காரணமோ பக்கத்து அறையின் ரிமோட்டில் இருக்கும். கீழ்வீட்டு ஏ.சி.யால் மேல்வீட்டுத் தரை வியர்ப்பதும் இதே கதை. இந்தியாவில் விற்கப்படும் அறை ஏ.சி.க்களின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி உள்ளது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விதி அது. ஆனால் நம் கடற்கரை ஊர்களின் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள நீராவி திவலையாக மாறும் வெப்பநிலை, புழுக்கமான மாதங்களில் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் உடம்புக்கு ஏறக்குறைய அதே இதம் கிடைக்கும்; சுவரும் பனிப்புள்ளிக்கு மேலேயே இருக்கும். அறைக்குத் தேவையைவிடப் பெரிய ஏ.சி. வாங்குவதிலும் ஒரு தீங்கு உண்டு. அது சட்டென்று காற்றைக் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை வடிக்கும் அளவுக்குச் சுருள் தொடர்ந்து ஓடாது. அறை குளிர்ந்து பிசுபிசுக்கும்.

காற்றின் ஈரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், நம் வீடுகளின் மிக மோசமான பூசணங்களுக்குக் காரணம் நேரடி நீர்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் முதல் சந்தேகம் மேல்வீட்டுக் குளியலறை மீது போக வேண்டும். குழாய்களை மறைக்கத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசலால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். கட்டுமானக்காரர்கள் சங்கன் ஸ்லாப் என்பார்கள். டைல்ஸ் இணைப்பு ஒன்று விட்டுப்போனால் அந்தப் பள்ளம் வருடக்கணக்கில் நீரைத் தேக்கிவைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அடுத்தது மொட்டை மாடியின் தட்டோடு இணைப்புகள், கைப்பிடிச்சுவரின் அடி, வடகிழக்குப் பருவக்காற்று சாரலை அறையும் வெளிச்சுவரில் முடி போன்ற விரிசல்கள். அடித்தளத்தில் ஓதத் தடுப்பு அடுக்கு இல்லாத சுவர்கள் நிலத்து நீரைத் திரிபோல மேலே உறிஞ்சும். கட்டும்போது உவர்நீரோ கடல்மணலோ கலந்திருந்தால் நிலைமை விபரீதமாகும். அந்தச் சுவரே ஓர் உப்பு ஜாடி. காற்று 75 சதவீதத்தைத் தொட்டதும், ஒழுகல் எதுவும் இல்லாமலே, சுவர் தானாக ஈரம் இழுத்துப் பொரியும். வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூசணமா என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது. ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் போதும். கரைந்து மறைந்தால் உப்பு. நசுங்கிக் கறையாக நின்றால் பூசணம்.

இவ்வளவும் ஒரு கறைக்காகவா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். 1993-94-ல் அங்கே சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அவர்களின் வீடுகள் நீரால் பாழானவை. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சை அவற்றில் காணப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டு வெளியான முதல் அறிக்கைகள் நாடு முழுக்க 'நச்சுப் பூசணம்' என்ற பீதியைக் கிளப்பின. 2000-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து, ரத்தக்கசிவுக்கு அந்தப் பூஞ்சைதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, பூசணத்தால் ஆபத்தில்லை என்று முடித்துக்கொள்கிறார்கள். அதே கிளீவ்லாந்தில் 2006-ல் வெளியான இன்னொரு ஆய்வு உண்டு. ஆஸ்துமா உள்ள, பூசணம் பிடித்த வீடுகளில் வாழும் 62 குழந்தைகள். எல்லோருக்கும் மருத்துவமும் ஆலோசனையும் ஒன்றுபோலக் கிடைத்தன. ஒரு பிரிவினரின் வீடுகளில் மட்டும் ஒழுகலை அடைத்து, ஈரத்தின் ஊற்றுகளைச் சரிசெய்தார்கள். பழுது பார்த்து முடித்த பின்னான மாதங்களில் அந்தப் பிரிவின் 29 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் நோய் திடீரெனத் தீவிரமானது. பழுது பார்க்காத வீடுகளின் 33 குழந்தைகளில் 11 பேருக்கு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அது சொல்வது தெளிவு: மருந்து செய்யாத ஒன்றைக் கொத்தனாரும் குழாய்க்காரரும் செய்தார்கள். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, ஈர வீடுகளுக்கும் ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்றுகளுக்கும் உள்ள தொடர்புக்குப் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது. பாதுகாப்பான பூசண அளவு இவ்வளவு என்று எண் எதையும் அது தரவில்லை. ஆளுக்கு ஆள் பாதிப்பு மாறும்போது அப்படி ஓர் எண்ணைத் தர முடியாது. ஆகவே காசு செலவழித்துக் காற்றில் வித்துகளை எண்ணச் சொல்லும் பரிசோதனைகள் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா, மக்கிய வாடை வருகிறதா, அதுவே போதுமான பரிசோதனை.

நம் ஊரில் இன்னொரு குழப்பத்தையும் நீக்கியாக வேண்டும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் வீடுவீடாகப் பரவியது; அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதற்குப் பிறகு குளியலறைச் சுவரின் கருப்புப் புள்ளிகளைக் கண்டாலே பலருக்கு நடுக்கம். மியூகார்மைகோசிஸ் எனும் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. கட்டுக்கடங்காத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்துகளும் எதிர்ப்பாற்றலைச் சாய்த்த உடல்களில்தான் அவை புகுந்து விளையாடின. கருப்பு என்ற பெயர் ரத்தஓட்டம் நின்று கருகிய திசுவின் நிறத்தால் வந்தது. சுவரின் கருப்புப் புள்ளி அந்த நோயின் முன்னறிவிப்பு ஆகாது. ஆனால் வீட்டில் புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மருந்திலோ இருப்பவர் உண்டென்றால், எந்தப் பூசணத்தையும் அவர் சுரண்டக் கூடாது. அந்த அறையில் படுக்கவும் கூடாது. பயம் தேவையில்லாதவர்களுக்குப் பயத்தையும், கவனம் தேவையானவர்களுக்கு அலட்சியத்தையும் கொடுப்பதுதான் அந்தப் பெயர்க்குழப்பம் செய்த கெடுதல்.

'நம் பாட்டன்மார் இதே மழையில்தான் வாழ்ந்தார்கள், அவர்களுக்கு வராததா?' என்ற கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கும் வந்தது, வேறு வகையில் வந்தது. விறகுப் புகை படிந்த அந்தச் சமையலறைகளை ஆரோக்கியத்தின் உதாரணமாக யாரும் காட்ட வேண்டாம். ஆனால் அவர்களின் கட்டடப் பொருள்கள் ஈரத்தை நடத்திய விதம் வேறு என்பது உண்மை. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உள்ளே வாங்கி, வெயில் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-க்கும் மேல், அதில் எந்தப் பூசணமும் எளிதில் கால் ஊன்றாது. காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அது மெல்ல வெறும் சுண்ணக்கல்லாக மாறும்போது அந்தக் காரமும் போய்விடுகிறது. அதனால்தான் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருந்தது. மழை ஓய்ந்து மார்கழி முடிகிற வேளையில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் இந்த வேதியியலோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இன்று அதே சுவரில் புட்டியும் எமல்ஷனும் பூசுகிறோம். உலர்ந்த சுவருக்கு அவை நல்லவை. ஈரச் சுவருக்கு அவை பிளாஸ்டிக் உறை. நீர் உள்ளே சிக்கி, பூச்சு கொப்புளித்து, உரியும். பழைய வீட்டுக்குத் திரும்ப முடியாது. எல்லோரும் திரும்ப வேண்டியதும் இல்லை. ஆனால் உள்சுவர் ஒன்றாவது சுவாசிக்கும் பூச்சோடு இருக்கலாம் என்று கட்டும்போதே கேட்க முடியும். யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கேட்காமல் நாம் வாங்குவது பாட்டில்கள். பூசண எதிர்ப்பு வண்ணம், தெளிப்பான், பிளீச்சிங் பவுடர். மேலே சொன்ன கேள்வியை இவற்றிடம் கேட்டுப் பாருங்கள்: சுவரின் நீரை இவை குறைக்கின்றனவா? இல்லை. பிளீச் நிறத்தை நீக்கும். வழவழப்பான டைல்ஸில் பூசணத்தைக் கொல்லவும் செய்யும். துளைகள் நிறைந்த பூச்சுக்குள்ளும் மரத்துக்குள்ளும் அது முழுதாக இறங்காது. செத்த பூசணத்தின் துகள்களும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் கொல்வதைவிடத் துடைத்து அகற்றுவதே முக்கியம். சோப்புத் தண்ணீர், தேய்க்க ஒரு பிரஷ், முகத்தில் நல்ல மாஸ்க், கையில் உறை, பிறகு முழுமையாக உலர்த்துவது: சிறிய பரப்புக்கு இது போதும். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் கோடிக்கணக்கான வித்துகள் அறையெங்கும் பறக்கும்; நனைத்த பிறகே தொட வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும் குளியலறை கழுவும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே தரையில் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. காற்றுச் சுத்திகரிப்பான் மிதக்கும் வித்துகளை வடிகட்டும், சுவரிலுள்ள தோட்டத்தை அது தொடாது. ஈரம் நீக்கும் கருவி உண்மையாகவே வேலை செய்யும். புத்தகமும் துணியும் நிறைந்த மூடிய அறைக்கு அது நல்ல முதலீடு. ஆனால் அது அறையைச் சூடாக்கும், மின்சாரம் இழுக்கும், ஜன்னல் திறந்திருந்தால் கடலை உலர்த்தப் பார்க்கும்.

ஈரத்தை மட்டும் பார்த்து வீட்டை இறுக்கிவிட்டால் மூச்சுக்கு என்ன செய்வது என்பது மிக நியாயமான ஆட்சேபம். நம் வீடுகளில் பொருத்தும் ஸ்பிலிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையின் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் இருவர் தூங்கினால், காற்று சிறிதும் கசியாத பட்சத்தில், கார்பன் டை ஆக்சைடு மணிக்குப் பத்து லட்சத்தில் 800 பங்கு என்ற வேகத்தில் ஏறும். வெளிக்காற்றில் அது 420-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வாயுவே நஞ்சாகிவிடும் அளவு அல்ல; ஆனால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதன் அளவுகோல் அது. மழைக்காலத்தில் கொசுவுக்காக ஜன்னலை அடைத்து உள்ளே சுருள் கொளுத்துவது இதைவிடக் கொடுமை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்து விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று அளந்து சொன்னது. பூசணத்திலிருந்து குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றிவிட்டு அதே அறையில் சுருள் ஏற்றுவதில் பொருளே இல்லை. கொசுவலை அடித்த ஜன்னல் இரண்டு பிரச்சினைக்கும் ஒரே விடை. ஏ.சி. அறைக்குப் புதுக்காற்று வேண்டும். அது கொண்டுவரும் ஈரத்தை வடிக்க ஏ.சி. கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். அந்த மின்செலவை மூச்சுக்கான செலவாக ஏற்றுக்கொள்வதே சரி. படுக்கும் முன் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் திறந்து காற்றை மாற்றிவிட்டு, இரவில் ஒரு விரற்கடை இடைவெளி விடலாம். காலையில் ஏ.சி.யை நிறுத்தியதும் ஜன்னலை விரியத் திறக்காமல், ஃபேனைப் போட்டுச் சுவரும் தரையும் சூடேற அரைமணி நேரம் விட்டுத் திறந்தால், புழுக்கக் காற்று குளிர்ந்த பரப்பில் வியர்த்து வடியாது.

இதையெல்லாம் வீட்டில் வசிப்பவர் மட்டுமே செய்துவிட முடியும் என்ற எண்ணம் வந்தால் அது என் எழுத்தின் குறை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குடியிருந்த சிறு வீட்டில் நீண்டகாலம் பூசணத்துக்கு ஆளானதால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். குளிக்கும் பழக்கம், சமைக்கும் பழக்கம் என்று அவர்களின் வாழ்க்கைமுறை மீதே பழி போடப்பட்டது. அந்நாட்டின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் 2021-ல் இத்தகைய புகார்களைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கை, 'இது வாழ்க்கைமுறை அல்ல' என்பதைத் தன் தலைப்பிலேயே வைத்திருந்தது. 2023-ல் வந்த சட்டம், குறித்த காலத்துக்குள் ஈரத்தைச் சரிசெய்யும் கடமையைச் சமூக வீடுகளின் உரிமையாளர்கள் மீது வைக்க வழிசெய்தது. ஈரக்கையை விட்டது யார் என்று உப்பு ஜாடிக்கு ஆள் தேடும் அதே மனநிலை, வாடகை வீட்டில் குடியிருப்பவர் மீது இன்னும் கொடூரமாகப் பாய்கிறது. சாரல் ஊறும் வெளிச்சுவரை வாடகைக்கு இருப்பவரால் பூச முடியாது. மேல்வீட்டுக் குளியலறையை அவரால் உடைத்துப் பார்க்கவும் முடியாது. குடியிருப்போர் சங்கம் பொதுச்செலவில் செய்ய வேண்டிய வேலையை, கீழ்வீட்டுக்காரர் தன் கூரைக்கு மட்டும் வெள்ளையடித்து மறைத்துக்கொண்டே இருக்கிறார்.

அந்த வேலைக்குக் காலம் ஒன்று இருக்கிறது. செங்கற்சுவர் உலர்வதற்குக் கட்டடத் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு: கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஒன்பது அங்குல வெளிச்சுவர் நன்றாக ஊறிவிட்டால் மறுவருடம் வரை ஈரத்தை வைத்திருக்கும். கார்த்திகையில் கறையைப் பார்த்துவிட்டு, தையில் பெயின்டரைக் கூப்பிடுவது ஈரத்தின்மேல் மூடி போடுவது. சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் தானே உலரும்போது உரிந்த பூச்சைச் சுரண்டித் திறந்து வைக்க வேண்டும். ஆனிக்குள் மாடித் தட்டோட்டு இணைப்புகளையும் வெளிச்சுவர் விரிசல்களையும் அடைத்துவிட வேண்டும். ஆவணிக்குள் சங்கன் ஸ்லாப்பில் ஒரு நாள் முழுக்க நீரைக் கட்டிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று பார்க்க வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவைக்கப் புரட்டாசி போதும்.